ஓவனில் மொறுமொறு உருளைக்கிழங்கு: மலையில் சமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீடுகளிலிருந்தும் ஹோம்ஸ்டே சமையல்கட்டுகளிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கீழே சமவெளியில் இருப்பவர்கள் எழுதிய நேரக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்வதால்தான் மலையில் பலருக்கு இது சரியாக வருவதில்லை. கிழங்கு சிவப்பது ஓவனில்தான். ஆனால் அது மொறுமொறுப்பாகுமா ஆகாதா என்பது அதற்கு முன்பே, வேகவைக்கும் பாத்திரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

எண்ணெயில பொரிச்சா சீக்கிரம் மொறுமொறுன்னு வந்துடுமே, எதுக்கு ஓவன்?

பொரித்தது வேறு, இது வேறு. இதில் மேலோடு தடிமனாக, கடித்தால் சத்தம் வரும்படி இருக்கும். உள்ளே மாவாக, குழைந்து இருக்கும். 1 கிலோ கிழங்குக்கு 5 மேசைக்கரண்டி எண்ணெய் போதும், அடுப்படியில் நின்று கிளறவும் வேண்டாம். ஆனால் தோல் உரிப்பதிலிருந்து தட்டில் போடுவது வரை ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரத்துக்கு ஆகிற பண்டம் இல்லை.

அளவும் நேரமும் ஒரே இடத்துல சொல்லிடுங்க, மத்ததை அப்புறம் பார்த்துக்கறேன்.

உருளைக்கிழங்கு 1 கிலோ, தண்ணீர் 2 லிட்டர், உப்பு 1 மேசைக்கரண்டி, ஆப்ப சோடா அரை டீஸ்பூன், எண்ணெய் 75 மில்லி. கிழங்கைத் தோல் உரித்து, ஏறக்குறைய 4 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். நடுத்தரக் கிழங்கென்றால் நான்காக வெட்டினால் சரியாக இருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு உப்பு, சோடா, துண்டுகள் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து 15 முதல் 18 நிமிடம் வேகவிடுங்கள். இது ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்கான கணக்கு. கத்தியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும், துண்டுகளின் விளிம்பு லேசாகக் கரைந்து மங்கலாகத் தெரிய வேண்டும்.

வடிகூடையில் கொட்டி 5 நிமிடம் ஆவி போக விடுங்கள். பாத்திரத்திலேயே திரும்பப் போட்டு 4 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, மூடி போட்டுக் குலுக்குங்கள். இதற்குள் ஓவன் 220 டிகிரிக்கு ஏறியிருக்க வேண்டும், ட்ரேயும் உள்ளேயே சூடாகியிருக்க வேண்டும். சூடான ட்ரேயில் மீதி 1 மேசைக்கரண்டி எண்ணெயைப் பரப்பி, துண்டுகளை வெட்டுப்பக்கம் கீழே படும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். 25 நிமிடம் தொடவே வேண்டாம். பிறகு திருப்பிவிட்டு இன்னும் 20 முதல் 25 நிமிடம். ஃபேன் உள்ள ஓவன் என்றால் 200 டிகிரி போதும்.

கடையில எல்லாத்தையும் 'ஊட்டி உருளை'ன்னுதான் சொல்றாங்க. எதை வாங்கணும்?

ஊர்ப் பெயரைவிட மாவுச்சத்துதான் இங்கே முக்கியம். மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கின் மேற்பரப்பு வெந்ததும் எளிதில் சொரசொரப்பாகும், அந்தச் சொரசொரப்புதான் ஓவனில் மேலோடாக மாறும். நீர்ச்சத்து மிகுந்த கிழங்கு வழவழப்பாகவே நிற்கும். மலையில் நெடுங்காலமாகப் பயிராகிவரும் குஃப்ரி ஜோதி (1968-ல் வெளியான ரகம், முட்டை வடிவம், கண்கள் ஆழமில்லாதது) இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நன்றாக முற்றியதாக இருந்தால் இந்த வேலைக்குத் தாராளமாக ஆகும்.

முற்றியதா என்று பார்க்கக் கட்டைவிரலால் தோலை அழுத்தித் தேயுங்கள். தோல் சுருண்டு கழன்று வந்தால் அது இளங்கிழங்கு. குழம்புக்கு நல்லது, ஓவனுக்கு வேண்டாம். தோல் அசையாமல் இறுக்கமாக நின்றால் எடுத்துக்கொள்ளலாம். நஞ்சநாடு, கேத்தி, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தோட்டத்திலிருந்தே வாங்குபவர்கள், செடி காய்ந்து மடிந்த பிறகு தோண்டியதா என்று கேட்டு வாங்குங்கள். நல்ல மழையில் தோண்டி ஈரத்தோடு மூட்டை கட்டிய கிழங்கென்றால் தரையில் பரப்பி, வெயில் படாமல் ஒரு வாரம் ஆறவிடுங்கள்.

சந்தேகமாகவே இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மூழ்குவது மாவுக் கிழங்கு, மிதப்பது நீர்க் கிழங்கு. ஒரே மூட்டையில் இரண்டும் கலந்திருக்கும் என்பது இந்தச் சோதனை செய்தால்தான் தெரியும்.

தோல் உரிக்காம செய்யலாமா? செம்மண் போகவே மாட்டேங்குது.

சின்னக் கிழங்கென்றால் தோலோடு செய்யலாம். பெரியதற்கு உரிப்பதே நல்லது, ஏனென்றால் தோல் உள்ள பக்கம் சொரசொரப்பாகாது. செம்மண்ணுக்குக் கிழங்கை 10 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தால் கண்களுக்குள் இருப்பதும் போய்விடும். கழுவுவது சமைப்பதற்குச் சற்று முன்புதான்; கழுவிச் சேர்த்துவைத்த கிழங்கு அழுகும்.

கோயம்புத்தூர்ல எங்க அக்கா 10 நிமிஷம்தான் வேக வைக்கிறா. இங்க ஊட்டியில 10 நிமிஷம் வச்சா நடுவுல வேகாமலே நிக்குது. கேஸ் சரியில்லையா?

கேஸ் சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர்தான் அத்தனை சூடாவதில்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கோயம்புத்தூரில் 98, 99 டிகிரியில் கொதிப்பது குன்னூர், கோத்தகிரியில் சுமார் 94 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் சுமார் 93 டிகிரியிலும் கொதித்துவிடுகிறது. கொடைக்கானலும் ஊட்டிக் கணக்கில்தான் வரும். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது. தண்ணீர் சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். உப்புப் போட்டால் சூடு ஏறும் என்பதும் சரியல்ல, நாம் போடும் அளவுக்கு அரை டிகிரிகூட ஏறாது. உப்பு ருசிக்கு.

கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் கிழங்கு குழையும். அந்தக் கரைதல் வெப்பத்தைப் பொறுத்து வேகமாக மாறுகிற விஷயம். ஐந்தாறு டிகிரி குறைந்தாலே நேரம் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அதனால் கீழே 10 நிமிடம் என்று எழுதியிருந்தால் குன்னூரில் 14, ஊட்டியில் 15 என்று தொடங்கி, கத்தியால் குத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஓவனுக்குள் போன பிறகும் கிழங்கின் உள்ளே ஈரம் இருக்கும்வரை உள்சூடு அந்தக் கொதிநிலையைத் தாண்டாது. கீழே முக்கால் வேக்காட்டில் எடுத்து ஓவனில் மீதியை முடித்துக்கொள்கிறார்கள். மலையில் அந்தத் துணிச்சல் வேண்டாம், பாத்திரத்திலேயே முழுசாக வேகவிட்டு எடுங்கள்.

அப்போ குக்கர்ல வச்சு ஒரு விசில் விட்டா வேலை முடிஞ்சுதே?

வெந்துவிடும், ஆனால் எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்காது. துண்டு போட்ட கிழங்கு அரை நிமிட வித்தியாசத்தில் வெந்ததிலிருந்து மசியலுக்குப் போய்விடும், குக்கரைத் திறந்து பார்க்கவும் முடியாது. மாவுத்தண்ணீர் நுரைத்து வெயிட் பக்கம் ஏறும். குக்கர் கிழங்கு மசாலாவுக்கும் போண்டாவுக்கும் இருக்கட்டும்.

ஆப்ப சோடா போட்டா வாசம் வராதா? அவசியம்தானா?

முன்பு சொன்ன பெக்டின் காரத் தண்ணீரில் சீக்கிரம் கரையும். சோடா செய்வது அதைத்தான்: துண்டின் மேற்பரப்பை மட்டும் உள்பக்கத்தைவிட வேகமாகக் கரைத்து, குலுக்கும்போது மாவாகப் பூக்கவைக்கும். கொதிநிலை குறைந்த நம் ஊர்களில் இந்த உதவி கீழே உள்ளவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. 2 லிட்டருக்கு அரை டீஸ்பூன் என்ற அளவில் வாசமோ கசப்போ வராது. ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் சோப்பு வாடை வரும்.

அலுமினியப் பாத்திரத்தில் சோடா போட வேண்டாம், பாத்திரம் கறுக்கும், தண்ணீரும் நிறம் மாறும். எவர்சில்வர் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருக்கட்டும் என்று எலுமிச்சையோ புளித்தண்ணீரோ வினிகரோ வேகும் தண்ணீரில் விடுபவர்கள் உண்டு. புளிப்பு நேர் எதிர் வேலை செய்யும். கிழங்கு உடையாமல் இறுகி நிற்கும், மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். புளிப்பு வேண்டுமானால் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளுங்கள்.

பச்சைத் தண்ணியில போட்டு மெதுவா வேக வச்சா ஒரே சீரா வேகும்னு படிச்சேன். நீங்க கொதிக்கிற தண்ணியில போடச் சொல்றீங்களே?

முழுக் கிழங்குக்கு நீங்கள் படித்தது சரி. 4 செ.மீ. துண்டுக்கு, அதுவும் மலையில், அது வேலையைக் கெடுக்கும். 55 முதல் 70 டிகிரி வரையிலான வெப்பத்தில் கிழங்கிலுள்ள ஒரு நொதி பெக்டினைக் கால்சியத்தோடு கட்டி இறுக்கிவிடுகிறது. ஊட்டியில் டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீரிலிருந்து தொடங்கி, சின்ன பர்னரில் 2 லிட்டரைச் சூடேற்றினால் அந்த வெப்பத்தில் கிழங்கு வெகுநேரம் கிடக்கும். அப்படி இறுகிய துண்டு பிறகு எவ்வளவு கொதித்தாலும் விளிம்பு கரையாது. ‘வெந்துடுச்சு, ஆனா குலுக்கினா மாவு பூக்கவே மாட்டேங்குது’ என்று சொல்பவர்களில் பலர் இதைத்தான் செய்திருப்பார்கள். கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், பெரிய பர்னரில் வையுங்கள், பாதி மூடியால் மூடுங்கள்.

எவ்வளவு குலுக்கணும்? போன தடவை பாதி கிழங்கு உடைஞ்சு போச்சு.

பாத்திரத்தை இரண்டு கையாலும் மூடியோடு பிடித்து, முறத்தில் புடைப்பதுபோல் மேலே எழும்பி விழும்படி ஏழெட்டு முறை. திறந்து பார்த்தால் ஒவ்வொரு துண்டின் மேலும் எண்ணெயில் குழைந்த மாவு, அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பசைபோல் ஒட்டியிருக்க வேண்டும். வெட்டிய விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் இன்னும் நாலு முறை குலுக்குங்கள்.

உடைவதற்கு இரண்டு காரணங்கள்தான்: வேக்காடு கூடிப்போனது, அல்லது ஆவி போகாமல் ஈரத்தோடு குலுக்கியது. ஆவி போகும் அந்த 5 நிமிடத்தை விடவே கூடாது. மூடுபனி நாளில் ஆவி சரியாகப் போகாது. வடித்த கிழங்கைப் பாத்திரத்தில் போட்டு, சிறுதீயில் ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியத் தொடங்கினால் ஈரம் போயிற்று என்று பொருள். உடைந்த சின்னத் துணுக்குகளைத் தூக்கிப் போடாதீர்கள், ட்ரேயில் அவைதான் முதலில் மொறுமொறுப்பாகும், சின்னப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பொறுக்குவார்கள்.

மாவு பூக்காத கிழங்கா மாட்டிக்கிச்சு. அரிசி மாவு தூவலாமா?

தூவலாம். 1 கிலோவுக்கு 2 மேசைக்கரண்டி பச்சரிசி மாவோ வறுக்காத மெல்லிய ரவையோ, எண்ணெய் ஊற்றுவதற்கு முன் தூவிக் குலுக்குங்கள். ரவை நன்றாகவே வரும். மைதா வேண்டாம், பிசுபிசுத்துத் திட்டுத்திட்டாகும்.

செக்கு எண்ணெய் ஊத்தினேன், வீடெல்லாம் புகை. எந்த எண்ணெய் நல்லது?

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் 160 முதல் 180 டிகிரிக்குள் புகையத் தொடங்கும். நாம் வைப்பது 220. சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ தாங்கும். நெய் 250 வரை தாங்கும், வாசத்துக்கும் நிறத்துக்கும் அதற்கு ஈடு இல்லை. பாதி நெய், பாதி கடலை எண்ணெய் என்பதுதான் எங்கள் பரிந்துரை. வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால்சத்து கருகும்.

மலையில் நெய் உறைந்துதான் இருக்கும். உறைந்த நெய்யைச் சூடான கிழங்கின் மேல் அப்படியே போட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். உருக்கிச் சூடாக்கி ஊற்றுங்கள்.

என்கிட்ட சின்ன ஓடிஜிதான் (மேசை மேல வைக்கிற மின்சார ஓவன்) இருக்கு. அதுல வருமா?

வரும், அளவைக் குறைத்தால். 16 முதல் 19 லிட்டர் ஓடிஜியின் ட்ரேக்கு அரை கிலோதான் கணக்கு, 28 லிட்டருக்கு மேல் இருந்தால் 1 கிலோ. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி வேண்டும். நெருக்கி அடுக்கினால் வெளிவரும் ஆவி போக வழியில்லாமல் கிழங்கு ஓவனுக்குள்ளேயே அவியும். மொறுமொறுப்பு வராததற்கு வேகவைக்கும் தவறுக்கு அடுத்தபடி இதுதான் காரணம்.

மேல் ராடு, கீழ் ராடு இரண்டையும் போட்டு, ட்ரேயை நடுவில் அல்லது அதற்கு ஒரு படி கீழே வையுங்கள். முன்சூடு 15 நிமிடமாவது வேண்டும். சூடேறியதும் விளக்கு அணைவதை நம்ப வேண்டாம், காற்றுதான் சூடாகியிருக்கும், ட்ரே இருக்காது. கதவை அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள், குளிர்காலத்தில் ஒருமுறை திறந்தாலே சின்ன ஓவன் நிறையச் சூட்டை இழந்துவிடும்.

அதே ஓவன், அதே அளவு. மத்தியானம் நல்லா வருது, ராத்திரி செஞ்சா வெளுத்துப் போகுது. ஏன்?

வோல்டேஜைப் பாருங்கள். ராடின் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 190-ஆக இறங்கினால் சூடு ஆறில் ஒரு பங்கு குறையும் என்று தோன்றும், உண்மையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தெர்மோஸ்டாட் இருந்தாலும், சின்ன ஓவன் 220 டிகிரியை எட்டவே முடியாமல் தடுமாறும். கெய்சரும் ஹீட்டரும் ஓடும் நேரத்தைத் தவிர்த்து, சாயங்காலம் 5 மணிக்குள் ஒரு சுற்று சுட்டு வைத்துக்கொண்டு, பிறகு சூடுபடுத்துவது (கடைசிக் கேள்வியில் இருக்கிறது) நல்ல வழி. ஓடிஜியை 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் கார்டில் வேண்டாம்.

ட்ரேயில ஒட்டிக்கிட்டு, மொறுமொறுப்பான பக்கமெல்லாம் ட்ரேயோட போயிடுது.

சீக்கிரம் திருப்புகிறீர்கள். மேலோடு காய்ந்து உருவானதும் கிழங்கு தானாகவே ட்ரேயை விட்டுவிடும். 25 நிமிடத்தில் தோசைக்கரண்டியின் ஓரத்தை ஒரு துண்டுக்கு அடியில் செலுத்திப் பாருங்கள். எதிர்த்து நின்றால் இன்னும் 5 நிமிடம் விடுங்கள். ட்ரே ஆறியிருந்தாலும் ஒட்டும், அதனால்தான் முன்சூட்டில் அதையும் உள்ளே வைக்கச் சொல்கிறோம். அலுமினியத் தாள் விரிக்க வேண்டாம், கிழியும், கிழங்கில் ஒட்டும்.

நிறம் சீக்கிரம் கறுப்பாயிடுது, உள்ளே லேசா இனிக்குது. கிழங்கு கெட்டுப்போச்சா?

கெடவில்லை, குளிர்ந்திருக்கிறது. கிழங்கு பல நாள் 7, 8 டிகிரிக்குக் கீழே கிடந்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரைதான் இனிப்புக்கும் கறுப்புக்கும் காரணம். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் வெளிக் கொட்டகையில் கிடக்கும் மூட்டையும் ஃபிரிட்ஜில் இருக்கும் மூட்டைதான். அதைச் சமையலறைக்குள், வெளிச்சம் படாத மூலைக்கு மாற்றி, இரண்டு மூன்று வாரம் விட்டால் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும்.

அதுவரை காத்திருக்க முடியாதென்றால் 200 டிகிரியில் வைத்து, நேரத்தைக் கூட்டுங்கள். பொன்னிறத்தில் நிறுத்துங்கள். சர்க்கரை ஏறிய கிழங்கைக் கரும்பழுப்பாகும்வரை விட்டால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் அதிகமாக உருவாகும், கசக்கவும் செய்யும்.

பச்சை படிஞ்ச இடத்தை வெட்டிட்டுப் போடலாமா?

ஓரத்தில் லேசாக இருந்தால் தாராளமாகச் செதுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். கிழங்கு முழுக்கப் பச்சை ஓடியிருந்தாலும் கசந்தாலும் எறிந்துவிடுங்கள். அதிலுள்ள சோலனின் என்ற நச்சுப்பொருள் வேகவைத்தாலும் சுட்டாலும் போகாது.

மிளகாய்த்தூளும் பூண்டும் எப்போ போடணும்? கருகிக் கசக்குது.

ஆரம்பத்தில் போட்டால் கட்டாயம் கருகும். பூண்டை நசுக்கி, ரோஸ்மேரி இருந்தால் அதையும் சேர்த்து, கிழங்குக்கான எண்ணெயிலேயே சிறுதீயில் காய்ச்சுங்கள். பூண்டு பொன்னிறமானதும் வடிகட்டி, அந்த எண்ணெயைக் கிழங்குக்கு ஊற்றுங்கள். வடித்த பூண்டைத் தனியே வைத்து, ஓவனிலிருந்து எடுத்த பிறகு கலந்துகொள்ளுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டென்றால் வாசம் தூக்கலாக இருக்கும், 1 கிலோவுக்கு நாலைந்து பல் போதும். மிளகாய்த்தூள், மிளகு, சீரகத்தூள், பொரித்த கறிவேப்பிலை எல்லாம் கடைசியில், சூடான கிழங்கின் மேல்.

எடுக்கும்போது மொறுமொறுன்னுதான் இருந்துச்சு. மேசைக்கு வர்றதுக்குள்ள நமத்துப் போச்சு.

ஹாட்பேக்கில் போட்டீர்களா? உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வந்து மேலோட்டில் படிந்துவிடும். மூடவே கூடாது, குவிக்கவும் கூடாது. அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டி, கூடலூர்ப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் காற்றிலேயே ஈரம் நிற்கும். அந்த மாதங்களில் 10 நிமிடம் கூடுதலாகச் சுட்டு, மேலோட்டைத் தடிமனாக்குங்கள். சாப்பிட உட்காரும்வரை ஓவனை அணைத்து, கதவை இரண்டு விரல் திறந்து வைத்து, உள்ளேயே விட்டால் கால் மணி நேரம் தாங்கும்.

வீட்டுக்கு 12 பேர் வர்றாங்க, 3 கிலோ செய்யணும், ஓவன் ஒண்ணுதான். முந்தின நாளே செஞ்சு வைக்கலாமா?

முந்தின நாள் வேகவைத்து, எண்ணெயில் குலுக்குவது வரை முடித்து, ட்ரேயில் பரப்பி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெந்த கிழங்கு என்பதால் சர்க்கரைப் பிரச்சினை வராது. ஃபிரிட்ஜின் வறட்டுக் காற்றில் மேற்பரப்பு காய்ந்து இன்னும் நன்றாகவே வரும். சுடும்போது 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

12 பேர் வரும் அன்றைக்கு ஒவ்வொரு கிலோவாக 35 நிமிடம், வெளிர்மஞ்சள் நிறம் வரை, சுட்டுச் சுட்டு வெளியே பரப்பி வையுங்கள். பந்தி போடுவதற்கு முன் ஒவ்வொரு ட்ரேயாக 220 டிகிரியில் 12 நிமிடம். மிஞ்சிய கிழங்கை மறுநாள் சூடுபடுத்தவும் இதே வழிதான், 200 டிகிரியில் 10 நிமிடம், எண்ணெய் சேர்க்க வேண்டியதில்லை. மைக்ரோவேவில் வைத்தால் மேலோடு தோலாகிவிடும். ஏர் ஃபிரையர் இருந்தால் 190 டிகிரியில் 6 நிமிடம் போதும்.